லண்டனின் சின்ன மியூசியங்கள்: மூன்று நாளில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் இன்னும் 3 நாள் கையில் இருக்கிறது. கூட வந்திருக்கும் அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. மகனுக்கு 9 வயது. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு பகல் முழுக்க நடந்து மூவரும் ஓய்ந்துபோனீர்கள். கடைசியில் என்ன பார்த்தோம் என்று யோசித்தால் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. கூட்டமில்லாத, சின்ன, அழகான மியூசியங்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்ப்பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது அதைவிடக் கொஞ்சம் அதிகம்: எது எந்தக் கிழமை திறந்திருக்கும், எங்கே எத்தனை படி ஏற வேண்டும், உள்ளே போனதும் எதன் முன்னால் நிற்க வேண்டும். அந்த மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் கிழமை. பெரிய மியூசியங்கள் வாரம் முழுவதும் திறந்திருக்கும். சின்னவை அப்படி இல்லை. பலவும் பழைய வீடுகள், ஆட்கள் குறைவு, அதனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மூடிவிடுவார்கள். திங்கட்கிழமை பெரும்பாலானவை மூடியிருக்கும். ஜான் சோன் மியூசியம் புதன் முதல் ஞாயிறு வரை. அதற்கு நேரெதிரே, ஒரே பூங்காவைச் சுற்றியிருக்கும் ஹன்டேரியன் மியூசியம் செவ்வாய் முதல் சனி வரை. இரண்டையும் ஒரே நடையில் பார்க்க நினைத்தால் புதன், வியாழன், வெள்ளி, சனிதான் சரிப்படும். லண்டன் பல்கலைக் கல்லூரிக்குள் இருக்கும் பெட்ரி, கிரான்ட் இரண்டும் வார நாள்களில் மதியம் 1 மணிக்கு மேல்தான் கதவு திறக்கும். காலையில் போய் நின்றால் வீண். லெய்ட்டன் ஹவுஸுக்குச் செவ்வாய் விடுமுறை. பேங்க் ஆஃப் இங்கிலாந்து மியூசியம் திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும். வாலஸ் கலெக்‌ஷன் தினமும் உண்டு. இந்தக் கிழமைக் கணக்கு சில ஆண்டுகளாக இப்படித்தான் இருக்கிறது. ஆனால் கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை, தனியார் நிகழ்ச்சிக்காகச் சீக்கிரம் மூடும் நாள்களும் உண்டு. முந்தின இரவு அந்தந்த மியூசியத்தின் சொந்த இணையதளத்தில் ஒருமுறை பாருங்கள். கூகுள் மேப் காட்டும் நேரத்தை மட்டும் நம்பிப் போனால்தான் மூடிய கதவைப் பார்த்துத் திரும்ப நேரிடும். இன்னொன்று, கடைசி நுழைவு பெரும்பாலும் மூடுவதற்கு அரை மணி முன்னதாகவே முடிந்துவிடும்.

மூன்று நாளில் ஒன்றே ஒன்று பார்க்க முடியும் என்றால் ஜான் சோன் மியூசியத்தைச் சொல்வேன். இடம் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ், 13ஆம் எண் வீடு. ஹோபர்ன் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை. கட்டணம் கிடையாது. சோன் (1753–1837) பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கட்டடக் கலைஞர். கொத்தனார் மகனாகப் பிறந்தவர். வீட்டையும் அதில் சேர்த்த பொருள்களையும் தன் காலத்துக்குப் பிறகு அப்படியே பாதுகாக்க வேண்டும் என்று 1833இல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமே நிறைவேற்ற வைத்தார். அதனால்தான் இன்று நாம் பார்ப்பது பெருமளவு அவர் விட்டுப்போன அமைப்பு. பொருள்களுக்குப் பக்கத்தில் விளக்க அட்டைகள் அதிகம் இருக்காது. இது குறைபோலத் தோன்றும், ஆனால் குழந்தையோடு போகிறவர்களுக்கு வசதி. படிக்க ஒன்றும் இல்லாததால் கண் தானாகப் பொருளின் மேல் போகும். ஏதாவது தெரிய வேண்டுமானால் அறையில் நிற்கும் ஊழியரைக் கேளுங்கள். அவர்கள் பொருள்களைப் பற்றி நன்றாக அறிந்தவர்கள், கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

அங்கே இரண்டு இடத்தில் நில்லுங்கள். ஒன்று, படம் மாட்டிய சின்ன அறை. ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர்தான் இருக்கும், நம் ஊர் வீட்டின் ஒரு படுக்கையறை அளவு. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். எப்படி என்றால், சுவரே அலமாரிக் கதவுபோல் கீல் வைத்துத் திறக்கும். திறந்தால் உள்ளே இன்னொரு அடுக்குப் படங்கள். தெற்குச் சுவரின் கதவுகள் முழுதும் விரிந்தால் சுவரே இல்லாமல் போய், கீழ்த்தளம் வரை இறங்கும் ஒரு வெளி தெரியும். அந்தக் கதவுகளை ஊழியர்தான் திறப்பார். திறக்கும் நேரம் தெரியாமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் “எப்போது திறப்பீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள். அங்கே ஹோகார்த் என்ற ஆங்கிலேய ஓவியர் வரைந்த எட்டுப் படத் தொடர் ஒன்று இருக்கிறது. அப்பன் சேர்த்து வைத்த சொத்து கைக்கு வந்த ஒரு வாலிபன், சூதாட்டத்திலும் குடியிலும் அழித்து, கடன்சிறைக்குப் போய், கடைசியில் பைத்தியக்கார விடுதியில் விழுகிறான். 1802இல் சோனின் மனைவி ஏலத்தில் 570 கின்னிக்கு (அக்கால ஆங்கிலப் பணம்) எடுத்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தேவையில்லை. படத்தைப் பார்த்தே கதையைத் தானாகச் சொல்லிவிடுவார். ஓரிரு படங்களில் மதுவிடுதிக் காட்சி உண்டு, பையனுக்கு எந்த அளவு விளக்குவது என்பது உங்கள் விருப்பம்.

இரண்டாவது, கீழ்த்தளத்தில் இருக்கும் எகிப்திய அரசன் முதலாம் சேத்தியின் கல் சவப்பெட்டி. பெல்சோனி என்ற இத்தாலியர் 1817இல் எகிப்தின் அரசர் பள்ளத்தாக்கில் கண்டெடுத்தது. பிரிட்டிஷ் மியூசியம் விலை அதிகம் என்று கைவிட, 1824இல் சோன் 2,000 பவுண்டுக்கு வாங்கினார். வீட்டுக்குள் கொண்டுவரச் சுவரை இடிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் மூன்று இரவு விருந்து வைத்து, விளக்கொளியில் ஊருக்கே காட்டினார். அது ஒரே கல்லில் குடைந்தது. பால்நிறக் கல், ஒளி பட்டால் ஓரளவு ஊடுருவும். கிட்டே போய்ப் பாருங்கள்: வெளியேயும் உள்ளேயும் ஓர் அங்குல இடம்கூட விடாமல் பட எழுத்தும் உருவங்களும். உள்ளே, பெட்டியின் தரையில் வானத் தெய்வமான நூட் நிற்கிறாள். இறந்த அரசனின் முதுகு அவள்மேல் படும்படி அந்த உருவத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கிய கோடுகளில் ஒரு காலத்தில் நீல நிறக் கலவை நிரப்பியிருந்தது. கூர்ந்து பார்த்தால் அங்கங்கே நீலத்தின் மிச்சம் தெரியும். பையனிடம் “நீலம் எங்கே இருக்கிறது, கண்டுபிடி” என்று சொல்லிவிடுங்கள். பத்து நிமிடம் அந்த இடத்தை விட்டு நகரமாட்டான். பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டிய சேத்தியின் உடல் வேறோர் இடத்தில், 1881இல், மற்ற அரசர்களின் உடல்களோடு மறைத்துவைத்த நிலையில் வெளிவந்தது. அது எகிப்திலேயே இருக்கிறது.

அங்கே சிக்கல் வருவது பையால். வழிகள் குறுகல், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சிலையோ ஜாடியோ தோளுயரத்தில் நிற்கும். முதுகில் மாட்டும் பையோடு உள்ளே நடக்க விடமாட்டார்கள், பெரிய சூட்கேஸை வாங்கி வைக்கவும் மாட்டார்கள். ஓட்டல் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு நேராக அங்கே போகாதீர்கள். வாசலில் வரிசை நின்றால், உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று அர்த்தம். காலை 10 மணிக்குத் திறப்பதற்குக் கால்மணி முன்னால் போனால் காத்திருப்பு குறையும், அறைகளும் அமைதியாக இருக்கும். அம்மாவுக்குப் படி சிரமம் என்பதை முந்தின நாளே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். உதவி உண்டு, ஆனால் அகலமான சக்கர நாற்காலி எல்லா இடத்திலும் நுழையாது.

வெளியே வந்ததும் எதிரே உள்ள பூங்காவில் உட்காருங்கள். இதை முக்கியமாகச் சொல்கிறேன். சின்ன மியூசியங்களில் களைப்பு நடையால் வருவது குறைவு. நின்று பார்ப்பதாலும், உட்கார இடமில்லாததாலும்தான் வரும். ஒன்றரை மணி பார்த்தால் முக்கால் மணி உட்காருவது என்று கணக்கு வைத்துக்கொண்டால் 70 வயதிலும் ஒரு நாளில் இரண்டு இடம் பார்க்கலாம்.

பூங்காவின் மறுபக்கம் ஹன்டேரியன். ஜான் ஹன்டர் என்ற 18ஆம் நூற்றாண்டு அறுவை மருத்துவர் சேர்த்த உடற்கூறு மாதிரிகள். 1941 குண்டுவீச்சில் சேகரிப்பின் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. புதுப்பித்து 2023இல் மறுபடி திறந்தார்கள். இலவசம், லிஃப்ட் உண்டு, இடமும் விசாலம். ஆனால் அங்கே கண்ணாடி ஜாடிகளில் இருப்பது உண்மையான மனித உறுப்புகள், கட்டிகள், பிறக்காத சிசுக்கள். சில பிள்ளைகள் வாய் மூடாமல் கேள்வி கேட்டுக்கொண்டு பார்ப்பார்கள், சிலருக்கு அன்று இரவு தூக்கம் வராது. உங்கள் மகன் எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். அவனுக்குக் கிரான்ட் விலங்கியல் மியூசியம் போதும். அங்கே ஒரே ஒரு பெரிய அறை, தரையிலிருந்து கூரை வரை எலும்புக்கூடுகள். ஒரு ஜாடி நிறைய அகழெலிகளைத் திணித்து வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். 1883இல் பூண்டற்றுப்போன குவாகாவின் எலும்புக்கூடும் இருக்கிறது. குவாகா வரிக்குதிரையின் ஒரு வகை. முன்பாதியில் மட்டும் வரி இருக்கும். அதன் எலும்புக்கூடு உலகில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் மிஞ்சியிருக்கிறது.

கிரான்டிலிருந்து சில நிமிட நடையில் பெட்ரி. எகிப்து, சூடான் பொருள்கள் 80,000. ஆனால் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்ததுபோல் மாபெரும் சிலைகள் கிடையாது. பானை, மணி, செருப்பு, சீப்பு என்று அன்றாட வாழ்க்கை முழுதும் கண்ணாடிப் பெட்டிகளில் நெருக்கி அடுக்கியிருக்கிறது. இங்கே அம்மாவுக்குக் காட்ட வேண்டியது தர்கான் சட்டை. 1913இல், இந்த மியூசியத்துக்குப் பெயர் தந்த தொல்லியல் அறிஞர் பெட்ரி எகிப்தின் தர்கானில் தோண்டியெடுத்த ஓர் அழுக்குத் துணிக்குவியலுக்குள் அது கிடந்தது. 1977இல் துணியைச் சுத்தம் செய்தபோதுதான் உள்ளே ஒரு சட்டை இருப்பதே தெரிந்தது. ஆளிச்செடி நாரில் நெய்த லினன் இழை, தோளிலும் கையிலும் கத்தி முனைபோல் மெல்லிய மடிப்புகள், ஆங்கில எழுத்து ‘வி’ போன்ற கழுத்து. முழங்கை மடியும் இடத்திலும் அக்குளிலும் சுருக்கம் விழுந்திருக்கிறது. யாரோ ஒருவர் அதை உடுத்தி நடமாடியிருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். கரிமக் கணிப்பு அதைக் கி.மு. 3482க்கும் 3102க்கும் இடையில் வைக்கிறது. இதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 5,000 ஆண்டுக்கு மேல் பழையது என்பது உறுதி. எந்த அரசன் காலம் என்று துல்லியமாகச் சொல்ல அந்த இடைவெளி இடம் தராது. அதே மியூசியத்தில் எகிப்தின் கெர்ஸே என்ற இடத்தில் கிடைத்த இரும்பு மணிகளையும் தேடிப் பாருங்கள். இரும்பை உருக்கி எடுக்கும் வித்தை எகிப்தில் வருவதற்கு முன்பே, வானிலிருந்து விழுந்த விண்கல்லைத் தட்டித் தகடாக்கிச் சுருட்டிச் செய்தவை. பார்க்கக் கறுத்துத் துருப்பிடித்த குழாய்த் துண்டுகள்தான். என்னவென்று தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

பெட்ரி மதியம் திறக்கும் என்பதால் இரண்டாம் நாள் காலையை ஃபவுண்ட்லிங் மியூசியத்துக்கு வையுங்கள். இரண்டுக்கும் இடையில் கால்மணி நடை. இதற்குக் கட்டணம் உண்டு. தாமஸ் கோரம் என்ற கப்பல்காரர், தெருவில் விடப்படும் குழந்தைகளைப் பார்த்துப் பொறுக்காமல் பல ஆண்டு அலைந்து 1739இல் அரச அனுமதி வாங்கித் தொடங்கிய விடுதியின் கதை அங்கே இருக்கிறது. குழந்தையைக் கொண்டுவந்து விடும் தாய், என்றாவது திரும்பி வந்தால் தன் பிள்ளையை அடையாளம் காட்ட ஏதாவது ஒன்றை விட்டுப்போவாள். பாதியாக வெட்டிய காசு, ஒரு பொத்தான், பெயர் கீறிய தகடு, ஒரு கொட்டையின் ஓடு. அதுவும் இல்லாதவர்களுக்கு அவர்கள் உடுத்தியிருந்த துணியில் ஒரு துண்டு வெட்டிப் பதிவுத்தாளில் குத்திவைத்தார்கள். கண்ணாடிக்குள் கட்டைவிரல் அளவில் கிடக்கும் அந்தப் பொருள்களின் முன்னால் அவசரப்படாதீர்கள். ஒரு விஷயம் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. 1860களில் காட்சிக்கு வைப்பதற்காக அவற்றில் பலவற்றைப் பதிவுத்தாளிலிருந்து பிரித்துவிட்டார்கள். அதனால் எந்த அடையாளம் எந்தக் குழந்தையுடையது என்பது அறுந்துபோயிற்று. ஆய்வாளர்கள் பிறகு தாள்களில் உள்ள வர்ணனையை வைத்துச் சிலவற்றைப் பொருத்தியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கதை தெரியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெற்றோர் பெரும்பாலும் திரும்பி வரவில்லை என்பதும் பதிவுகளில் தெளிவாக இருக்கிறது.

மேல்மாடியில் இசைக்கலைஞர் ஹேண்டலுக்கான அறை. அவர் இந்த விடுதிக்காகக் கச்சேரி நடத்திப் பணம் திரட்டியவர், உயிலில் தன் இசைப் படைப்பு ஒன்றின் பிரதியையும் இதற்கு எழுதி வைத்தவர். அங்கே போட்டிருக்கும் சாய்வு நாற்காலிகளுக்குள்ளேயே ஒலிபெருக்கி பதித்திருக்கிறார்கள். அம்மா அதில் உட்கார்ந்து இருபது நிமிடம் இசை கேட்கட்டும். முழங்காலுக்கு அதைவிட நல்ல இடம் லண்டன் மியூசியங்களில் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் மகனைப் பக்கத்தில் இருக்கும் கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் விளையாட்டுத் திடலுக்கு அழைத்துப் போகலாம். பழைய விடுதி இருந்த நிலம்தான் அது. குழந்தையோடு வராத பெரியவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை, உங்கள் மகன்தான் உங்களுக்கு நுழைவுச்சீட்டு.

மூன்றாம் நாளுக்கு லெய்ட்டன் ஹவுஸ் அல்லது வாலஸ், ஏதாவது ஒன்று. லெய்ட்டன் ஹவுஸ், லெய்ட்டன் என்ற ஓவியர் வாழ்ந்த வீடு, கட்டணம் உண்டு. 2022இல் புதுப்பித்தபோது லிஃப்ட் வைத்ததால் அம்மா படியேறாமலே பார்க்கலாம். அதன் அரபு மண்டபத்தின் சுவரில் பதித்த ஓடுகள் பெரும்பாலும் டமாஸ்கஸிலிருந்து வந்தவை, நீலமும் பச்சையும். நடுவில் ஒரு நீரூற்று, மேலே பொன்நிறக் கும்மட்டம். ஓடுகளில் குறைந்த இடங்களுக்கு வில்லியம் டி மார்கன் என்ற ஆங்கிலேயக் கைவினைஞர் புதிதாகச் சுட்டுப் பொருத்தினார். எது பழையது, எது அவருடையது என்று கிட்டே நின்று தேடுவது நல்ல விளையாட்டு. சுலபமாகப் பிடிபடாது. இவ்வளவு பெரிய வீட்டில் லெய்ட்டன் தனக்கென்று வைத்துக்கொண்டது ஒரே ஒரு படுக்கையறை, அதுவும் எளிமையானது. அதையும் பாருங்கள். கையைக் கடிக்கிறது என்றால் வாலஸ். அது இலவசம், கண்ணாடிக்கூரை போட்ட முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். கவசங்களும் வாள்களும் நிறைந்த கூடங்களில் மகனுக்கு நேரம் போவது தெரியாது, அவற்றில் இந்தியப் பட்டாக்கத்திகளும் உண்டு. ஆனால் இருபத்தைந்து கூடம் இருக்கிறது, எல்லாவற்றையும் சுற்றினால் பிரிட்டிஷ் மியூசியத்துக் களைப்பே திரும்ப வரும். ஆயுதக் கூடம், பிறகு ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1624இல் வரைந்த மீசைக்கார வாலிபனின் படம், அதோடு நிறுத்துங்கள். அவன் சட்டைக் கையில் பூவேலையாகத் தேனீயும் அம்பும் காதல் முடிச்சும் இருக்கின்றன. தறியும் ஜரிகையும் தெரிந்த கண்கள் அந்தக் கையிலேயே நின்றுவிடும்.

அம்மாவை அழைத்துப் போகக் கூடாத இடங்கள் இரண்டு. லண்டன் பிரிட்ஜ் பக்கத்தில், ஒரு தேவாலயத்தின் பரண்மேல் இருக்கும் 1822ஆம் ஆண்டு அறுவைசிகிச்சைக் கூடம் அருமையான இடம்தான், ஆனால் நுழைய 52 படிகள் கொண்ட குறுகிய சுழற்படி ஏற வேண்டும். ஃபோல்கேட் தெருவில் டென்னிஸ் செவர்ஸ் வீடு மெழுகுவத்தி வெளிச்சத்தில், பேசாமல் நடந்து பார்க்க வேண்டிய இடம். இருட்டு, செங்குத்தான படிகள். 9 வயதுப் பிள்ளை வாய்மூடி இருப்பதும் கஷ்டம்.

போக்குவரத்துக்குப் பஸ்ஸே நல்லது. லண்டன் பஸ்கள் எல்லாம் தாழ்தளம், சரிவுப்பலகை உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் மாறி ஏறினால் ஒரே கட்டணம். பத்து வயது வரை பஸ்ஸிலும், பெரியவரோடு வந்தால் பாதாள ரயிலிலும் குழந்தைக்குக் காசில்லை. ஹோபர்ன் உள்பட மையப் பகுதியின் பல ஸ்டேஷன்களில் படிகளைத் தவிர்க்க முடியாது. கட்டணம் வாங்கும் இடங்களில் சீட்டெடுக்கும்போது நன்கொடை சேர்ந்த விலை, சேராத விலை என்று இரண்டு காட்டினால், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சேராததைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே வரி கட்டுகிறவரின் நன்கொடைக்கு அரசு கூடுதல் தொகை தரும் ஏற்பாடு அது.

உங்கள் மூன்று நாளில் ஒன்று சனி, ஞாயிறாக அமைந்து, கூட்டம் வேண்டாம் என்று தோன்றினால் ஹாம்ஸ்டெட் பக்கம், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டின் வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். நாஜிகளுக்குத் தப்பி 1938இல் வியன்னாவிலிருந்து வந்து, தன் கடைசி ஓராண்டை அவர் கழித்த இடம். பாரசீகக் கம்பளம் விரித்த அந்தப் புகழ்பெற்ற சாய்விருக்கை படிப்பறையில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். நீங்கள் அவர் சேர்த்த பழம்பொருள்களுக்கு நடுவே தந்தத்தில் செய்த ஒரு விஷ்ணுவைத் தேடுங்கள். 1931இல் அவருடைய 75ஆம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தார் அனுப்பியது. எகிப்து, கிரேக்கம், ரோம் என்று நிறைந்திருக்கும் அந்த அறையில் அம்மா முதலில் அடையாளம் காண்பது அதுவாகத்தான் இருக்கும்.